மூன்று பிளேயரிலும் மோனோ

உங்கள் மூன்று பாட்டுப் பிளேயர்களும் இப்போது சாப்பாட்டு மேசைமேல் ஒரு அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. கழற்றி ஒரு வாரம் ஆகிறது. பெட்டியைத் திறந்தால் தூசியும் சூடுபட்ட பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை வருகிறது. உங்கள் வேலைக்கான பின்கொட்டாயில் இருந்த பிளேயரில் மட்டும் வார்னிஷ் வாசனை. மோட்டாருக்குக் காயில் கட்டி முடித்ததும் நீங்கள் மேலே ஊற்றுவீர்களே, அந்த வார்னிஷ். நீங்கள் போய் இரண்டு வருடத்துக்கு மேலாகியும் அது போகவில்லை.

இவற்றைத் தூக்கிப் போடுவதா வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்ய உட்கார்ந்தவள் உங்களுக்கு எழுதத் தொடங்கியிருக்கிறேன். இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. உங்களுக்குத் திவசம் கொடுத்தபோதுகூட, யாருக்குப் போய்ச் சேருகிறது என்ற கேள்வியோடுதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் இதை இன்னொருவரிடம் சொல்ல முடியாது. சொல்லக்கூடிய ஒரே ஆள் உங்கள் அக்கா, என் அண்ணி. அவரிடம் பேசி முடித்தாகிவிட்டது.

போன மாதம் என் போனை மாற்றினேன். புதிய போனில் பிளேயர்களை இயக்கும் ஆப் கிடைக்கவில்லை. பழைய போனில் திறந்தால், இந்தக் கருவிகளுக்கான சேவை நிறுத்தப்பட்டது என்று ஒரே ஒரு வரி. கம்பெனி கைகழுவிவிட்டது. மாடி அறையில் இருந்தது ஏற்கெனவே அரைமணி நேரத்தில் சூடாகி நின்றுவிடும். நான் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். இந்தப் பெட்டிகளுக்கு முதல் நாளிலிருந்தே எதிரி நான்தான். அறைக்கு அறை பாட்டு எதற்கு, ஒரு ரேடியோ போதாதா என்று கேட்டவள். சமையலறையில் வைக்கவே கூடாது என்று தடுத்தவள். ஆனால் நீங்கள் போன பிறகு, காலையில் காப்பி போடும்போது ஹாலில் இருந்ததை நானே போட்டுவிடுவது வழக்கமாகியிருந்தது. அது நின்ற நான்காம் நாள் ஆள் தேடினேன்.

வில்லியனூரில் கடை வைத்திருக்கும் சேகர் என்பவர் வந்தார். வைஃபை, கேமரா, ஸ்பீக்கர் எல்லாம் பொருத்துகிறவர், நாற்பது வயதிருக்கும். வந்ததும் உங்கள் வேலையைச் சுற்றிப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார். என் கணவர், மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார் என்றேன். அதற்குப் பிறகு அவர் ஒயரைத் தொட்டதிலேயே ஒரு மரியாதை தெரிந்தது.

பாட்டெல்லாம் பரண்மேல் இருக்கும் ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருக்கிறது, அது எங்கும் போகாது, பிளேயர்களை மட்டும் மாற்றினால் போதும் என்றார். "பழைய செட்டிங்க பாத்து அப்டியே புதுசுல போட்டுடறேங்க்கா. சார் எப்டி கேட்டாரோ அப்டியே நீங்களும் கேக்கலாம்."

அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. சரி என்றேன்.

ஹாலில்தான் முதலில் நின்றார். உங்கள் சாய்வு நாற்காலியைப் பார்த்தார், அதற்கு வலப்பக்கத்துச் சுவரோரம் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளைப் பார்த்தார். "இன்னாக்கா இது, மழைக்கு ஒதுங்கன மாரி ரெண்டும் ஒரே மூலையில கீது?"

இரண்டு பெட்டிகளையும் இரண்டு பக்கம் தள்ளி வைத்தால்தான் பாட்டு விரிந்து கேட்குமாம், அதற்குத்தான் இரண்டு பெட்டியாம். ஒயர் நீளம் போதாமல் அப்படி வைத்திருப்பார் என்று சொன்னேன். சேகர் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, சுருட்டி நூல் போட்டுக் கட்டிய ஒயரை வெளியே எடுத்தார். எட்டடிக்குக் குறையாமல் மிச்சம் இருந்தது. உங்கள் முடிச்சுதான்.

மாடி அறையில் இரண்டு பெட்டிகளும் கட்டிலுக்கு வலப்பக்கத்து ஜன்னல் மேடையில். பின்கொட்டாயில் உங்கள் வேலை மேசைக்கு வலப்பக்கம். மேசையின் இடப்பக்கம் முழுக்கக் காலியாகக் கிடந்தது. இத்தனை வருடம் இந்த மூன்று இடத்தையும் நான்தான் பெருக்கித் துடைக்கிறேன். எனக்கு அது கண்ணில் படவில்லை.

பிறகு சேகர் என் பழைய போனை வாங்கி ஒவ்வொரு பிளேயரின் செட்டிங்கையும் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொண்டார். ஹால், ரூம், கொட்டா என்று நீங்கள் பெயர் வைத்திருந்தீர்கள். மூன்றையும் பார்த்துவிட்டு, இன்னொரு முறை திறந்து சரிபார்த்தார்.

"மூணுலயும் மோனோ போட்டு வச்சிகிறாருக்கா."

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். சில வாத்தியம் ஒரு பெட்டியில் வரும், சிலது இன்னொன்றில் வரும். மோனோ என்று போட்டுவிட்டால் எல்லாம் ஒன்றாகக் கலந்து இரண்டிலும் ஒன்றுபோல வரும். பாட்டுக் கேட்பதற்கென்றே இவ்வளவு செலவழித்து மூன்று செட் வாங்கிய ஆள் அப்படிப் போட மாட்டார்.

"சாருக்கு எடது காது கேக்காதாக்கா?"

நன்றாகக் கேட்கும் என்றேன். சட்டென்று சொன்னேன். அவர் சங்கடப்பட்டுப் போய், தன் மாமியாருக்கு ஒரு காது போய்விட்டதாகவும், அவருடைய டிவிக்குத் தானே இப்படிச் செய்து கொடுத்திருப்பதாகவும், அதனால்தான் கேட்டதாகவும் சொன்னார். பரவாயில்லை என்றேன். புதியதை அடுத்த வாரம் பொருத்தலாம், இன்றைக்குக் கழற்றி மட்டும் வைத்துவிட்டுப் போங்கள் என்றேன்.

அவர் போன பிறகு உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தேன். நான் புள்ளியியல் சொல்லிக் கொடுப்பவள். மூன்று அறையில் மூன்று செட்டிங் ஒன்றாக இருப்பதை வைத்து ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு அந்தச் சத்தம் பிடித்திருக்கலாம். பழைய ரேடியோ கேட்டு வளர்ந்த காது. வேறு சான்று இருக்கிறதா என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக வந்தது.

யார் கூப்பிட்டாலும் தலையை மட்டும் திருப்ப மாட்டீர்கள். முழு உடம்பையும் திருப்பி ஆளுக்கு நேராக நிற்பீர்கள். கடையில் உங்களைக் கவர்னர் என்று கூப்பிட்டார்கள். "கவர்னர் திரும்பறாரு, எல்லாம் வழி உடுங்கப்பா" என்பார் பக்கத்து டீக்கடைக்காரர். நீங்களும் சிரித்துக்கொண்டு கையை உயர்த்திக் காட்டுவீர்கள். அது உங்கள் தோரணை என்று நினைத்தேன்.

போன் வந்தால் எழுதிக்கொண்டிருக்கும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வலது கையால்தான் எடுப்பீர்கள். இடது கை சும்மா இருக்கும். கல்யாண வீட்டில் வரிசையாக நாற்காலி போட்டிருந்தால் நேராக இடது ஓரத்துக்குப் போய் உட்காருவீர்கள். காற்று வரும் என்பீர்கள். பல இடத்தில் அந்தப் பக்கம் மின்விசிறியே இருக்காது.

சாப்பாட்டு மேசையில் நாம் எதிரெதிரே உட்கார்ந்தோம். அங்கே நீங்கள் கேட்காத ஒரு சொல் கிடையாது. என் பேச்சுக்குப் பதில் இருக்கும், கிண்டல் இருக்கும், "இன்னா ப்ரொபசர், இன்னிக்கு யார ஃபெயில் பண்ண?" என்ற கேள்வி இருக்கும். வேறு சில இடங்களில் மட்டும் நீங்கள் வேறு ஆளாக இருந்தீர்கள். கட்டிலில். காரில். ஸ்கூட்டரில். நான் பேசுவேன், நீங்கள் வேறெங்கோ இருப்பீர்கள். இந்த மனிதருக்கு என்னோடு பேச ஒரு மேசை நடுவில் தேவைப்படுகிறது என்று ஒருமுறை டைரியில் எழுதியிருக்கிறேன். அதை எழுதியபோது நான் கெட்டிக்காரி என்று தோன்றியது.

தாலி கட்டி முடித்ததும் என்னை எழுப்பி உங்கள் இடப்பக்கம் உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து எல்லாமே இடப்பக்கம்தான். போட்டோவுக்கு நின்றால் இடப்பக்கம். கோயிலில் இடப்பக்கம். கட்டிலில் இடப்பக்கம், சுவரோரம். ஸ்கூட்டரில் ஒருக்களித்து உட்கார்ந்தால் என் முகம் உங்கள் இடது தோளுக்குப் பின்னால். காரில் நீங்கள் ஓட்டினால் எனக்கு இருக்கும் ஒரே இடம் இடது இருக்கை.

ஒருமுறை கோபத்தில் கேட்டேன், நான் பேசறது உங்க காதுல விழுதா இல்லையா என்று. எதிரே நின்று கேட்டதால் அது மட்டும் உங்களுக்குக் கேட்டது. "எல்லாம் விழுது ப்ரொபசர்" என்று சிரித்தீர்கள். இருபத்தொரு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். மாணவர்களின் ஆய்வேட்டில் ஒரு எண் தவறினால் பிடித்துவிடுபவள் நான்.

நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாமல் போனது இதனால் மட்டும் இல்லை. கார் நினைவு வந்தது.

பதினோரு வருடத்துக்கு முன்னால். எனக்கு முப்பத்தெட்டு வயது. பாண்டியில் என்னோடு வேலை செய்யும் ஒருவரின் குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்த வீட்டில் ஒரு அம்மாள் குழந்தையை என் மடியில் கொண்டுவந்து போட்டு, பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு உடனே எடுத்துக்கொண்டார். நீங்கள் அதைப் பார்த்தீர்கள். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கிருமாம்பாக்கத்தில் பாகூர் ரோட்டுக்குத் திரும்பும்வரை நான் உள்ளுக்குள் ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். அதைச் சேர்க்க ஆரம்பித்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. எனக்கு எதையும் கேட்டுப் பழக்கமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் கேட்டுப் பெறுவதை ஒரு மாதிரியான குறையாகவே நினைக்கும்படி வளர்த்துவிட்டார்கள்.

ஜன்னல் கண்ணாடி இறங்கியிருந்தது. முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. கேட்டேன்.

"நாம ஒரு பொண்ணு குழந்தைய எடுத்து வளக்கலாமா?"

நீங்கள் திரும்பவில்லை. டிராக்டரைத் தாண்டிப் போனீர்கள். ஏரிக்கரை வந்தது. சற்று நேரம் கழித்துச் சொன்னீர்கள்: "கரும்பு இந்த வருஷம் சீக்கிரமே வெட்ட ஆரம்பிச்சிட்டாங்க போல."

நான் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு பெண்ணுக்கு இதைவிடத் தெளிவாக மறுப்புச் சொல்ல முடியாது என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம், முடியாது என்றிருக்கலாம். கரும்பைப் பற்றிப் பேசினீர்கள். அந்த வாக்கியத்தை நான் பதினோரு வருடம் வைத்திருந்தேன். நீங்கள் நல்லது செய்தபோதெல்லாம் அதை எடுத்துப் பார்த்துக்கொண்டேன். உங்கள் உடம்பை ஹாலில் கிடத்தியிருந்த அன்றும் அது எனக்குள் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பொங்கல் முடிந்துதான் நீங்கள் இந்தப் பிளேயர்களை வாங்கி வந்தீர்கள். "வூடு ரொம்ப அமைதியா கீது" என்றீர்கள். நான் பேச்சைக் குறைத்துவிட்டிருந்தேன், அதைத்தான் சொன்னீர்கள் என்று இப்போது படுகிறது. அப்போது எனக்குக் கேட்டது வேறு. குழந்தை வேண்டாம் என்றவர் அந்த இடத்தில் பெட்டி வாங்கி வைக்கிறார் என்றுதான் பார்த்தேன். சமையலறையில் வைக்க விடாததற்கு அதுதான் காரணம். சத்தம் பிடிக்காது என்று உங்களிடம் சொன்னது பொய்.

மறுநாள் ஞாயிறு. பஸ் ஏறிக் கரையாம்புத்தூரில் உங்கள் அக்கா வீட்டுக்குப் போனேன். அண்ணி வாசலில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். நான் போன் செய்யாமல் வந்ததே அவருக்கு விஷயம். உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டார், இல்லை என்றேன். முறத்தை நடுவில் தள்ளி வைத்தார். நானும் உரித்தேன். பத்துப் பன்னிரண்டு கடலை உரித்த பிறகு, அவருக்கு ஒரு காது கேட்காதா அண்ணி என்று கேட்டேன்.

கை நின்றது. மறுக்கவில்லை. "யாரு சொன்னா?" என்று மட்டும் கேட்டார். ஸ்பீக்கர் மாற்ற வந்தவர் என்றதும் அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கவில்லை.

உங்களுக்குப் பதினாறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததாமே. இரண்டு கன்னமும் தாடையும் வீங்கி, கஞ்சிகூட இறங்கவில்லையாம். வழக்கப்படி தங்கம் போட வேண்டும் என்று அண்ணியின் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி உங்கள் கழுத்தில் போட்டார்கள். டாக்டரிடம் போகவில்லை. சங்கிலி போட்டாகிவிட்டதே, இறங்கிவிடும் என்று காத்திருந்தார்கள்.

"பத்து நாளு போட்டுனு இருந்தான். பொட்டச்சி மாரி இருக்குதுன்னு கண்ணாடியப் பாத்து ஒரே சிரிப்பு. வீக்கம் வடிஞ்சிது. எடது காது மட்டும் திரும்பல." அண்ணி தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டார். அதே சங்கிலிதானா என்று நான் கேட்கவில்லை.

உங்கள் அப்பா வெளியே சொல்லக் கூடாது என்று கட்டளை போட்டுவிட்டாராம். பெண் கொடுக்க மாட்டார்கள் என்ற பயம். அது நாளடைவில் பழக்கமாகிவிட்டது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று உங்களுக்கு இடப்பக்கம் அண்ணிதான் உட்கார்ந்தாராம், அந்தப் பக்கத்திலிருந்து யார் எது கேட்டாலும் தானே பதில் சொல்லிவிடுவதற்கு. எனக்கு அது நினைவிருக்கிறது. இந்த வீட்டில் அக்காதான் எல்லாம் பேசுவார் போலிருக்கிறது என்று என் அம்மா அன்றிரவு சலித்துக்கொண்டார்.

கல்யாணத்துக்குப் பிறகாவது சொல்லியிருக்கலாமே என்றேன். என் குரல் ஏறியிருக்க வேண்டும். அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் ஆறுதலுக்காக எதையும் சொல்கிற ஆள் இல்லை. என் முகத்துக்கு நேராக என் சமையலைக் குறை சொன்னவர். அதனால்தான் அடுத்து அவர் சொன்னதை நம்புகிறேன்.

"அது காதோட நிக்கலம்மா."

நமக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருடம் நாம் இருவரும் பாண்டியில் பரிசோதனை செய்துகொண்டோம். நீங்கள்தான் போய் முடிவை வாங்கி வந்தீர்கள். ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லையாம், நேரம் வரும்போது வருமாம் என்றீர்கள். முன்பு பொன்னுக்கு வீங்கி வந்ததுண்டா என்று டாக்டர் கேட்ட கேள்வியோடு நீங்கள் நேராக அக்கா வீட்டுக்குத்தான் போயிருக்கிறீர்கள். முறத்தின் அந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதீர்களாம். அந்த வயதில் அந்த நோய் சில ஆண்களுக்குக் காதோடு குழந்தை பெறும் திறனையும் எடுத்துக்கொண்டு போய்விடும்.

"நீ படிச்சவதான? அந்தக் காயிதத்த ஒரு வாட்டி வாங்கிப் பாத்திருக்கக் கூடாது?"

கேட்டிருக்கலாம். எல்லோரிடமும் மூலத் தரவைக் காட்டு என்பவள், அந்த ஒரு காகிதத்தைக் கேட்கவில்லை. நீங்கள் சொன்னால் போதும் என்று இருந்தேன். நம்பிக்கை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். என்மேல் குறை என்று வந்துவிடுமோ என்ற பயமாகவும் இருந்திருக்கலாம். உங்கள் அம்மா கடைசிவரை என்னைத்தான் குறையாகப் பார்த்தார். நீங்கள் அதை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. கடிதம் என்பதால் மென்மையாக எழுத வேண்டும் என்று ஒன்றும் இல்லையே.

கிளம்ப எழுந்தேன். அண்ணி உட்கார் என்றார். சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது, அவன் போன அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், மனசு வரவில்லை என்றார்.

"கொழந்த எடுத்து வளக்கணும்னு அவனுக்கு ஆசை. நீ கேளுடான்னு நான் எத்தினியோ வாட்டி சொல்லிட்டேன். அதுக்கு அவன், நான் கேட்டா என் குறைய மூடிக்கறதுக்கு அவ தலையில கட்டறன்னு ஆயிடும்கா, அவளுக்கா வேணும்னு தோணி அவ வாயால கேக்கணும், கேட்டா அன்னிக்கே போயி எழுதிக் குடுத்துட்டு வந்துருவேன்னான். வருஷக்கணக்கா அதையேதான் சொன்னான். நீ கேக்கவே இல்லியாமே."

"கேட்டேன் அண்ணி."

"எப்போ?"

"கார்ல. பாண்டிலேர்ந்து வரும்போது."

அண்ணி கையிலிருந்த கடலையை முறத்தில் போட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "கார யாரு ஓட்டுனது?"

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. முறத்தில் கிடந்த தோலையெல்லாம் கையால் ஒரு பக்கம் ஒதுக்கினார். திரும்ப இந்தப் பக்கம் ஒதுக்கினார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். சாப்பிட்டேன். எதைச் சாப்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தபோது ஒன்றைச் செய்து பார்த்தேன். இடது காதை விரலால் அடைத்துக்கொண்டேன். இடப்பக்கம் உட்கார்ந்திருந்த பெண் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். பஸ் சத்தத்தில் அவள் குரல் ஒரு முனகலாகத்தான் வந்தது. ஒரு சொல்கூடப் பிரியவில்லை. ஜன்னல் திறந்த கார், முன்னால் கரும்பு டிராக்டர். நான் மெதுவாகப் பேசுகிறவள்.

ஆனாலும் எனக்குச் சந்தேகம் போகவில்லை. அது என் சுபாவம். உங்களுக்கு ஒன்றுமே கேட்காமல் இருந்திருக்கலாம். நான் கேட்டது காதில் விழுந்து, பயந்து, கரும்புக்குள் ஒளிந்திருக்கவும் கூடும். ஏதோ சொன்னேன் என்று மட்டும் தெரிந்து, என்ன என்று கேட்டால் காது விஷயம் வெளியாகிவிடும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கவும் கூடும். இந்த மூன்றில் எது என்று கண்டுபிடிக்க இனி வழியில்லை. அண்ணி சொல்வதை வைத்துப் பார்த்தால் இரண்டாவது இடிக்கிறது. ஆசைப்பட்டுக் காத்திருந்தவர் காதில் விழுந்த பிறகு ஏன் சும்மா இருக்க வேண்டும்? ஆனால் ஆட்கள் அப்படியெல்லாம் கணக்குக்குள் நடந்துகொள்வதில்லை.

இந்த ஒரு வாரமாக நான் உங்கள்மேல் வைத்திருந்த பழைய கோபத்தைத் தேடிப் பார்க்கிறேன். இருந்த இடத்தில் அது இல்லை. அந்தக் காகிதத்தை மறைத்ததற்கு ஒரு புதிய கோபம் இருக்கிறது. அது நியாயமானது, அதை விட மாட்டேன். பழையதுதான் இல்லை. இத்தனை வருடம் அதன்மேல் சாய்ந்து நின்றிருக்கிறேன் போலிருக்கிறது. நிற்பதற்கே இப்போது தடுமாறுகிறது.

வெள்ளிக்கிழமை வகுப்பு இருந்தது. இரண்டாம் ஆண்டு மாணவர்களைக் கள ஆய்வுக்கு அழைத்துப் போக வேண்டும், இந்த வருடம் காட்டேரிக்குப்பம். வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாளை நிரப்பும் வேலை. போவதற்கு முன் ஒரு வகுப்பு எடுப்பேன். தாளின் கடைசியில் மூன்று கட்டங்கள் இருக்கும்: பதில் தந்தார், மறுத்தார், பதில் இல்லை. இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றாக்கிவிடாதீர்கள் என்று வருடா வருடம் சொல்கிறேன். கதவு திறக்கவில்லை என்றால் அந்த வீடு மறுத்துவிட்டது என்று அர்த்தமில்லை. வயலில் இருப்பார்கள், கூலி வேலைக்குப் போயிருப்பார்கள், கூப்பிட்டது கேட்டிருக்காது. வேறு நேரத்தில் போங்கள், வேறு வாசல் இருந்தால் அந்தப் பக்கமாகப் போய்க் கூப்பிடுங்கள், மூன்று முறை போகாமல் எதையும் எழுதாதீர்கள். பசங்கள் இதற்கு மேடத்தோட மூணு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள்.

வழக்கம்போல் இதைச் சொல்லிக்கொண்டே வந்தேன். கூப்பிட்டது கேட்டிருக்காது என்ற இடத்தில் நின்றுவிட்டேன். பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். முன் வரிசையில் ஒரு பெண், அவங்க வாயாலயே வேணாம்னு சொன்னாதான் மறுத்தார்னு போடணுமா மேடம் என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

பதினோரு வருடமாக உங்கள் பெயருக்கு நேரே மறுத்தார் என்று எழுதி வைத்திருந்தேன். நான் ஒரு முறைதான் போனேன்.